மரக்கட்டை டாலியை விட்டு மைக்கார்ட்டா அடுக்குக்கு மாறலாமா?

பைல், அதாவது அஸ்திவாரத்துக்காக மண்ணுக்குள் அடித்து இறக்குகிற தூண், அடிக்கிற இடத்தில் டாலி என்றால் பைல் தலையில் கவிழ்க்கிற இரும்பு ஹெல்மெட்டின் மேல்குழியில் உட்கார்கிற கட்டை, ஹேமர் அடியை வாங்கித் தாங்குவது அதுதான். சில கையேடுகளில் இதையே ஹேமர் குஷன் என்று போட்டிருப்பார்கள். ஹெல்மெட்டுக்கு அடியில், கான்கிரீட் பைலின் தலைமேல் வைக்கிற பிளைவுட் அடுக்கு வேறு, அதற்குப் பேக்கிங் என்று பெயர். ஆர்டர் கொடுக்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரொம்ப நாள் மரக்கட்டை டாலிதான் பயன்படுத்தினோம். மலிவு, எங்கேயும் கிடைக்கும், நார் நின்றவாக்கில் இருக்கும்படி அறுத்து உள்ளே இறக்கினால் போதும். ஆனால் கெட்டியான மண்ணில் தொடர்ந்து அடித்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிப் பாருங்கள், கட்டையின் மேல்முகம் தேய்ந்த துடைப்பம் மாதிரி பிரிந்து கிடக்கும், நடுவில் கருகின வாசனை வரும், சில சமயம் அடிக்கும்போதே புகையும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது செட் எடுக்கும்போது, அதாவது ஹேமரின் கடைசி அடிகளுக்குப் பைல் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும்போது, அது செய்கிற வேலை. புதுக் கட்டை மெத்தென்று இருக்கிறது, அடியின் வேகத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடுகிறது, ஹேமரின் கடைசிப் பத்து அடிக்குப் பைல் கொஞ்சம்தான் இறங்குகிறது, உடனே கெட்டி மண் வந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் பைல் இன்னும் இறங்க வேண்டியிருக்கும். மேலே கட்டடம் ஏறப்போகிற பைலில் இப்படி ஒரு பொய்க் கணக்கு எழுதுவதை ஏற்றுக்கொள்ளவே முடியாது. செட் எடுக்கிற நேரத்தில் புதுக் கட்டையோ புதுப் பேக்கிங்கோ மாற்றாதீர்கள் என்று பெரியவர்கள் கத்துவது இதற்காகத்தான்.

மைக்கார்ட்டா அடுக்கு இந்த விஷயத்தில்தான் ஜெயிக்கிறது. துணியைப் பிசினில் ஊறவைத்து அழுத்தி இறுக்கிய வட்டத் தட்டு, அதன்மேல் ஒரு அலுமினியத் தட்டு, மறுபடி மைக்கார்ட்டா என்று மாற்றி மாற்றி அடுக்குகிறோம். மைக்கார்ட்டா சூட்டைக் கடத்தாது, அலுமினியம் கடத்தி வெளியே தள்ளிவிடும், அதனால் நாள் முழுக்க அடித்தாலும் கருகுவதில்லை. காலையில் இருந்த விறைப்பு சாயங்காலமும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 1960இல் இ. ஏ. எல். ஸ்மித் வெளியிட்ட அலைச் சமன்பாட்டு முறையில் கணக்குப் போடுகிறவர்கள் டாலியை ஒரு ஸ்பிரிங்காக எடுத்துக்கொண்டு, அடி எவ்வளவு மீள்கிறது என்பதற்கு ஓக் மரம் என்றால் 0.5, மைக்கார்ட்டா என்றால் 0.8 என்று வழக்கமாகப் போடுவார்கள். மரத்தில் அந்தக் கணக்கு கட்டை நசுங்க நசுங்க மாறிப்போகும், இதில் நிலைத்து நிற்கிறது. எழுதிய செட்டை நம்பி ராத்திரி தூங்கலாம்.

குறைகளும் உண்டு. விலை மரத்தைவிட ரொம்ப அதிகம். ஹெல்மெட் குழியின் விட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், எங்களுக்கு முதலில் சப்ளை செய்தவர் விட்டம் குறைந்த தட்டுகளை அனுப்பிவிட்டார், ஒவ்வொரு அடிக்கும் அது பக்கவாட்டில் நகர்ந்து ஓரமெல்லாம் இதழ் இதழாக உரிந்து வந்தது. மாற்றிக் கொடுக்கச் சொல்லி அலைய வைத்ததில் வேலை நின்றதுதான் மிச்சம். அப்புறம் டாலிக்கு மேலே ஹேமர் வந்து மோதுகிற இரும்புத் தகடான ஸ்டிரைக்கர் பிளேட் வளைந்திருந்தால் எவ்வளவு நல்ல தட்டும் வெடிக்கும். ஹேமர் பைலின் நேர்க்கோட்டில் இல்லாமல் சாய்ந்து அடித்தாலும் அதே கதிதான்.

இன்னொன்று, டாலி நல்லதாக இருக்கிறதே என்று பேக்கிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். டாலி காப்பாற்றுவது ஹேமரையும் ஹெல்மெட்டையும், கான்கிரீட் தலையைக் காப்பது பிளைவுட்தான். அது பாதி கனத்துக்கு நசுங்கினாலோ கருக ஆரம்பித்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். இளகின மண்ணில் அடிக்கும்போது பைலுக்குள் இழுவிசை வந்து குறுக்கே விரிசல் விழும், அங்கே மெல்லிய பேக்கிங்கோடு முழு உயரத்திலிருந்து அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சின்ன ஹேமர், நாலைந்து பைல், இளகின மண் என்றால் மரக்கட்டையே போதும், செலவு செய்ய வேண்டாம். பெரிய ஹைட்ராலிக் ஹேமரோ டீசல் ஹேமரோ வைத்து நீண்ட வேலை எடுத்திருந்தால் மைக்கார்ட்டாவுக்கே போங்கள், கூடவே இரண்டு தட்டு உபரியாக வாங்கி வையுங்கள். புதிதாக அடுக்கும்போதே மொத்த உயரத்தை அளந்து ஹெல்மெட்டில் பெயிண்டால் எழுதிவிடுங்கள், 100 மணி நேர அடிக்கு ஒருமுறையாவது திறந்து அளக்க வேண்டும், உயரம் கால் பங்குக்குமேல் குறைந்திருந்தால் அடுக்கை மாற்ற வேண்டும்.