சிவிலைசேஷன் 6: சேமிப்பும் மாட்களும் எந்தக் கருவியில் பத்திரம்?

வழக்கமான வேகத்தில் ஆடினால், நாகரிகம் ஒன்றை வளர்த்தெடுக்கும் வியூக வீடியோ விளையாட்டான சிவிலைசேஷன் 6-இல் ஆட்டம் ஒன்று 500 சுற்றுகள் வரை நீளக்கூடும். வேலை முடிந்து இரவில் சிறிது நேரம் மட்டும் ஆடுபவருக்கு ஒரே ஆட்டம் வாரக்கணக்கில் ஓடுகிறது. அதனால் எந்தக் கருவியில் படம் தெளிவாக இருக்கிறது என்பதைவிட, சேமிப்புக் கோப்பு எங்கே இருக்கிறது, அதன் இரண்டாவது நகல் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற கேள்விதான் எனக்கு முதன்மையானது. மாலை இடிமழையில் வீட்டு மின்சாரம் டிரிப் ஆவது கோலாலம்பூரில் வழக்கமாக நடப்பதுதான். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறுந்தால் அதற்கு முந்தைய நகல் வேறெங்காவது இருக்க வேண்டும்.

மூன்று கன்சோல்களில் எக்ஸ்பாக்ஸ்தான் தொல்லை குறைந்தது. சந்தா எதுவும் இல்லாமலேயே சேமிப்புகள் மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்குத் தாமாக ஏறிவிடுகின்றன. வேறொரு எக்ஸ்பாக்ஸில் அதே கணக்கில் நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் கிளவுடில் இருப்பது வரலாறு அல்ல, பிரதி மட்டுமே. கெட்டுப்போன சேமிப்பும் அதே வேகத்தில் மேலே ஏறும். அழிக்கும்போது ‘எல்லா இடத்திலும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அங்கும் அழிந்துவிடும். சேமிப்பைப் பென்டிரைவில் எடுத்து வைக்கும் வழியும் இல்லை. எனவே ஆட்டத்திற்குள்ளேயே ஒரே பெயரின் மேல் எழுதாமல், முக்கியமான கட்டங்களில் புதுப் பெயரில் சேமித்துவருவது இங்கே கட்டாயம்.

பிளேஸ்டேஷனில் நிலைமை தலைகீழ். கிளவுடுக்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். சந்தா முடிந்தபின் அங்குள்ள தரவு ஆறு மாதம் வரைதான் காக்கப்படும். ஆனால் பலர் கவனிக்காத ஒரு நன்மை இதில் உண்டு. 2019 நவம்பரில் வந்த சிவிலைசேஷன் 6 பிளேஸ்டேஷன் 4-க்கான பதிப்பு; பிளேஸ்டேஷன் 5-இலும் அதே பதிப்புதான் ஓடுகிறது. பி.எஸ். 4 ஆட்டங்களின் சேமிப்பை யூ.எஸ்.பி. டிரைவுக்கு நகலெடுக்க சோனி அனுமதிக்கிறது, பி.எஸ். 5-இல் ஆடும்போதும்கூட. பி.எஸ். 5-க்கென்றே வெளியான ஆட்டங்களுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. கன்சோல்களுக்குள் கிளவுடைச் சாராத இரண்டாவது நகலை நம் மேசை இழுப்பறையிலேயே வைத்துக்கொள்ள முடிவது இங்கே மட்டுந்தான் என்பதால், மாட் (ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் ஆக்கித் தரும் கூடுதல் கோப்பு) வேண்டாம் என்பவருக்கு நான் இதையே முதலில் சொல்வேன். அந்த நகலும் நம் கணக்கோடு பிணைக்கப்பட்டது. நண்பருடைய கணக்கில் திறக்காது.

நின்டெண்டோ ஸ்விட்சின் பலம் பயணத்தில் இருக்கிறது. தீபாவளிக்கு கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் பட்டர்வொர்த் சேரும்வரை சுமார் நான்கு மணி நேரம் ஆடலாம். ஆனால் சேமிப்பு எப்போதும் கருவியின் உள்நினைவகத்தில்தான் இருக்கும், மைக்ரோ எஸ்.டி. அட்டைக்குப் போகாது. அட்டை தப்பித்துக் கருவி தொலைந்தால் ஆட்டம் தப்பிப்பதில்லை. இன்னொரு ஸ்விட்சுக்கு அனுப்பும் வசதி நகலெடுப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறது. மீதமிருப்பது ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவின் கிளவுட். சந்தா முடிந்தால் 180 நாள் கெடு. இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது 2019-இல் வந்த குறுக்குச் சேமிப்பு. ஆட்டத்தை வெளியிடும் 2கே நிறுவனத்தின் கணக்கு வழியாக ஸ்விட்சுக்கும், ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கும் விண்டோஸ் கணினிப் பதிப்புக்கும் இடையே ஒரே ஆட்டத்தைக் கொண்டுபோகலாம், இரண்டு பக்கமும் ஒரே விரிவாக்கங்கள் இருக்கும்வரை. கணினியில் மாட் போட்டு ஆடிய ஆட்டம் ஸ்விட்சில் திறக்காது.

ஏனெனில் சிவிலைசேஷன் 6-க்குக் கன்சோல் எதிலும் மாட் கிடையாது. சில்லு பொருத்திப் பூட்டை உடைத்த ஸ்விட்சில் சேமிப்பை எஸ்.டி. அட்டைக்கு எடுக்கலாம், மாட்டும் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு, அது உண்மையும்கூட. ஆனால் நின்டெண்டோ அந்தக் கருவியை இணையச் சேவையிலிருந்து நிரந்தரமாக விலக்கிவிட முடியும், அப்போது அந்தக் கருவியில் கிளவுட் நகலுக்கு வழியில்லை. ஒரு பாதுகாப்பை வாங்க இன்னொன்றை விற்கும் இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

மாட் வேண்டுமென்றால் கணினியோ, ஸ்டீம் ஆட்டங்களைக் கையில் வைத்து ஆடும் ஸ்டீம் டெக்கோதான். தமிழ் ஆட்டக்காரர்களுக்கு இது சிறிய விஷயமல்ல: சிவிலைசேஷன் 6-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் சோழர் இல்லை. கடாரம் கொண்டவனின் கப்பற்படையைக் கடாரத்திற்கு இத்தனை அருகில் உட்கார்ந்து நடத்த விரும்பும் பினாங்கு இளைஞருக்கு மாட்டைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் சுதந்திரம் கூடும் அளவுக்குப் பொறுப்பும் கூடுகிறது. சேமிப்புக் கோப்பு தன்னோடு மாட் பட்டியலையும் பதிந்துகொள்கிறது. அவற்றில் ஒன்று இல்லாவிட்டால் ஆட்டம் திறக்க மறுக்கும். மாட்கள் கிடைக்கும் பகுதியான ஸ்டீம் வொர்க்ஷாப்போ அவற்றைத் தானாகப் புதுப்பித்துவிடுகிறது, ஆக்கியவர் நீக்கினால் மறைந்தும் போகிறது. அதனால் நீண்ட ஆட்டம் தொடங்குமுன் வொர்க்ஷாப்பின் 289070 என்ற கோப்புறையிலிருந்து தேவையான மாட்களை ஆவணங்கள் கோப்புறைக்குள் இருக்கும் ஆட்டத்தின் ‘மாட்ஸ்’ கோப்புறைக்கு நகலெடுத்து, வொர்க்ஷாப்பில் அந்த மாட்களுக்கான ‘சப்ஸ்கிரைப்’ தேர்வை விலக்கிவிடுவது நல்லது. அந்த நகலை யாரும் புதுப்பிக்கமாட்டார்கள். திரை அமைப்பை மட்டும் மாற்றும் மாட்கள் பலவற்றில், சேமிப்பைப் பாதிக்காது என்ற குறிப்பு மாட்டின் விவரங்களைக் கொண்ட மாடின்ஃபோ கோப்பிலேயே பூஜ்ஜியமாக இடப்பட்டிருக்கும். அவற்றை ஆட்டத்தின் நடுவிலும் எடுக்கலாம். புதிய நாகரிகம் சேர்ப்பவற்றைத் தொடவே கூடாது.

கணினியில் இன்னொரு கவனமும் தேவை. சேமிக்கும் திரையில் ஸ்டீம் கிளவுட் கட்டத்தைக் குறியிடாவிட்டால் அந்தச் சேமிப்பு அந்தக் கருவியிலேயே தங்கிவிடும். டெக்கை உறங்கவைத்துப் பையில் போடுவது போதாது. ஆட்டத்தை விட்டு முழுமையாக வெளியேறி, இணைய இணைப்பும் இருந்தால்தான் மேலே ஏறியதென்று நம்பலாம். ரயிலில் இணைப்பில்லாமல் ஆடிவிட்டு வீட்டுக் கணினியைத் திறந்தால் எந்தப் பிரதியை வைத்துக்கொள்வது என்று ஸ்டீம் கேட்கும். அங்கே அவசரமாக அழுத்தாமல் நேரத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்குக் கணக்கு சற்று மாறுகிறது. 2025 பிப்ரவரி 11 அன்று எல்லாக் கருவிகளிலும் வந்த சிவிலைசேஷன் 7-இல் சோழர் மாட் இல்லாமலேயே இருக்கிறார்கள், குறுக்குச் சேமிப்பும் 2கே கணக்கு வழியாக உண்டு. சோழருக்காகவே மாட் தேடியவர் எந்தக் கன்சோலிலும் அதை நிம்மதியாக ஆடலாம், பி.எஸ். 5 வைத்திருப்பவர் மட்டும் பழைய யூ.எஸ்.பி. வழி இங்கே இல்லை என்பதை நினைவில் வைத்து, முதல் நாளே 2கே கணக்கை இணைத்துவிட வேண்டும்.