பலகார டப்பாவில் அச்சு நிற்க வேண்டுமா? செக்காலைப் பக்கம் ஒரு கடை

சீப்பு சீடையும் மனகோலமும் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர்களுக்கு டப்பா அச்சு ஒரு தீராத தலைவலி. எண்ணெய்க் கையோடு நாலு தடவை திறந்து மூடினால் நம் பெயரில் பாதி கையோடு வந்துவிடும். மையை மாற்றிப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் பிளாஸ்மா (மின்சாரத்தால் சுடர்விடும் காற்று) அடித்து அச்சுப் போட்டுத் தரும் கடையில்தான், கோளாறு மையில் இல்லை, பிளாஸ்டிக்கில் இருக்கிறது என்று காட்டினார்கள்.

காட்டினார்கள் என்றால் நிஜமாகவே கண் முன்னால். கடைத் தம்பி, மேற்பரப்பில் மை பரவுமா என்று சோதிக்கும் டைன் பேனாவை எடுத்து வெறும் டப்பாவில் கோடு இழுத்தார். கோடு அப்படியே சுருங்கி முத்து முத்தாக நின்றது. "மை பரவினாத்தானே ஒட்டும், ஆச்சி?" என்றார். டப்பாவின் பிளாஸ்டிக்கான பாலிப்ரொப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல், அதாவது மையைப் பரவவிடும் பிடிப்பு, சென்டிமீட்டருக்கு 30 டைன் அளவுதான். அச்சுக்கு 38க்கு மேல் வேண்டுமாம். அப்புறம் பிளாஸ்மா முனையை டப்பாவின் மேல் ஓட்டிவிட்டு அதே பேனாவால் இழுத்தார். கோடு கோடாகவே இருந்தது.

இதற்கு வெற்றிட அறை எதுவும் வேண்டாம். அழுத்திய காற்றை உயர் மின்னழுத்தம் வழியாக விட, முனையில் ஊதாச் சுடர் வருகிறது. அந்தச் சுடர் பிளாஸ்டிக்கின் மேல்தோலில் உள்ள பிணைப்புகளை உடைத்து, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை அங்கே ஒட்டவைக்கிறது. மை பிடித்துக்கொள்வது அந்த இடங்களைத்தான். மாறுவது சில நானோமீட்டர் ஆழம் மட்டுமே என்பதால் டப்பாவின் தெளிவோ உறுதியோ குறையவில்லை. அடிப்பதும் வெளிப்பக்கம் மட்டும்தான், பலகாரம் படும் உள்பக்கத்தில் இல்லை. ஓசோன் வாடை வரும். காற்றாடி போட்டு வெளியே தள்ளுகிறார்கள்.

நிறைய அடித்தால் நன்றாக ஒட்டும் என்று நினைத்து "இன்னொரு தடவை ஓட்டுங்க" என்று கேட்காதீர்கள். மேல்தோல் துண்டு துண்டாக உடைந்து பலவீனமான படலமாகிவிடும், மை அதோடு சேர்ந்து உரியும். முனையின் தூரமும் வேகமும் அவர்கள் வைத்த கணக்கிலேயே இருக்கட்டும்.

குறை சொல்ல வேண்டுமென்றால், வேலை நெருக்கடியில் டப்பாக்களை அடித்து மூட்டையில் கட்டி அடுத்த வாரம் அச்சுப் போடுகிறார்கள். அது கூடாது. அடித்த பலன் நாளாக நாளாகக் குறையும். மேலே வந்த ஆக்சிஜன் கூறுகள் உள்ளே திரும்பிக்கொள்ளும், வழுவழுப்புக்காகச் சேர்த்த பொருளும் மெல்ல மேலே கசியும். எனக்கு வந்த ஒரு லாட்டில் செலோடேப் ஒட்டி இழுத்ததும் எழுத்து கையோடு வந்தது. மறுபடி அடித்து, அன்றைக்கே அச்சுப் போட்டுத் தந்தார்கள், காசு கேட்கவில்லை. அந்த நேர்மைக்காகவே தொடர்ந்து போகிறேன். அடித்த இடத்தில் விரல் படாமல் பார்த்துக்கொள்ள ஒரு கையுறையாவது போடலாம், அதையும் சொல்லிவிட்டேன்.

சாதா அச்சைவிட விலை கூடுதல்தான். ஆயிரக்கணக்கில் கெட்டியான கேன்களில் அச்சுப் போடுபவர்களுக்கு, பிளாஸ்மாவுக்குப் பதில் நெருப்புச் சுடரைக் காட்டும் முறை மலிவாக முடியும், ஆனால் நம் மெல்லிய டப்பா அந்தச் சூட்டில் நெளிந்துவிடும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆடி முடியுமுன்னே சொல்லிவையுங்கள், "அடித்த அன்றே அச்சு" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.