யூதப் பள்ளியா, அரசுப் பள்ளியோடு மாலை வகுப்பா?

அமெரிக்காவில் பிள்ளை ஆறாம் வகுப்பை நெருங்கும்போது யூதப் பெற்றோர் பலர் இந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள்: முழுநேர யூதப் பள்ளியா, அரசுப் பள்ளியோடு ஜெப ஆலயத்தில் மாலை வகுப்பா? பெண்ணுக்கு 12 வயதில் பாத் மிட்ஸ்வா, பையனுக்கு 13 வயதில் பார் மிட்ஸ்வா என்று வரும், மதப் பொறுப்பை ஏற்கும் சடங்குகளும் இந்த வருடங்களில்தான்.

செலவு
யூதப் பள்ளி: பல நகரங்களில் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல். உதவித்தொகை கேட்கத் தயங்க வேண்டாம்.
அரசுப் பள்ளி: கட்டணம் இல்லை. ஜெப ஆலய வகுப்புக்கு மட்டும் பணம்.

நேரம்
யூதப் பள்ளி: கணிதம், அறிவியலோடு எபிரேய மொழியும் யூத வேதமான தோராவும் ஒரே நாளுக்குள். நாள் நீளும்.
மாலை வகுப்பு: ஞாயிறு காலை, அப்புறம் வாரத்தில் ஓரிரு மாலை. விளையாட்டுப் பயிற்சியோடு மோதும்.

ஆழம்
எனக்கு முக்கியம் இதுதான். பல யூதப் பள்ளிகளில் இந்த வயதில், சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவை எபிரேயத்திலேயே படிக்கிறார்கள். பிறகு மிஷ்னா பற்றிய அரமேய மொழி விவாதமான கெமாரா. இரண்டும் சேர்ந்த தால்மூத்தின் பக்கத்தில் நடுவே மூலம், ஒருபுறம் இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரை, மறுபுறம் அவருக்குப் பின்வந்தோரின் உரை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, சத்தமாக வாதாடிப் படிப்பார்கள். கேள்வி கேட்கும் பழக்கம் அறிவியல் வகுப்புக்கும் கூடவே வரும். மாலை வகுப்பில் எபிரேய எழுத்து, பிரார்த்தனை, பண்டிகைகள், மிட்ஸ்வா சடங்கில் வாசிக்கும் வேதப் பகுதி, அவ்வளவுக்கே நேரம் சரியாகிவிடும்.

மூலநூலைத் தானே வாசிக்கும் பிள்ளை வேண்டுமென்றால் யூதப் பள்ளி. பலதரப்பட்ட நண்பர்களும் கையில் கொஞ்சம் பணமும் வேண்டுமென்றால் மாலை வகுப்பு. ஆனால் வீட்டில் வாராந்திர ஓய்வுநாளான சப்பாத் தவறாமல் நடக்க வேண்டும். மாறுவதானால் ஆறாம் வகுப்பிலேயே மாறுங்கள், எட்டாம் வகுப்பில் எபிரேயத்தை எட்டிப் பிடிப்பது கஷ்டம்.