வீட்டோடு நான்கு ஆண்டுகள்

வீட்டோடு மாப்பிள்ளைக் கதை என்று நினைக்க வேண்டாம். எவான் யூ 2020-இல் வெளியிட்ட வீட் (Vite) என்ற பில்ட் கருவியைத்தான், அதாவது எழுதிய நிரலை உலாவியில் ஓடும்படி தயார் செய்யும் கருவியைத்தான் சொல்கிறேன். பிரெஞ்சில் 'வீட்' என்றால் விரைவு. 'வைட்' என்று சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன்.

2021 கடைசியில் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதிய எங்கள் இணையச் செயலியை இதற்கு மாற்றினேன். அதற்கு முன்பு, காலையில் டெவ் சர்வரை (எழுதும்போதே செயலியை என் கணினியில் ஓட்டிக் காட்டும் நிரலை) தொடங்கிவிட்டுக் காபி போடப் போவேன். திரும்பி வந்தாலும் முடிந்திருக்காது. எல்லா நிரலையும் மூட்டையாகக் கட்டிய பிறகே பக்கத்தைக் காட்டும் பழைய முறை அது. வீட் அப்படிக் கட்டுவதில்லை. உலாவி எந்தக் கோப்பைக் கேட்கிறதோ, அதை மட்டும் அப்போதே மாற்றிக் கொடுக்கிறது. வெளி நூலகங்களை மட்டும் அப்போது ஈஎஸ்பில்ட் என்ற வேகமான கட்டும் கருவி முன்கூட்டியே கட்டி வைத்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி, படிவத்தை மூன்றாம் படிவரை நிரப்பிய பிறகு நிரலில் ஒரு வண்ணத்தை மாற்றினாலும் நிரப்பியது அழியாமல் இருப்பதுதான்.

ஆனால் இதற்கு இரண்டு முகங்கள் என்பது எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலைதான் உறைத்தது. என் கணினியில் ஒழுங்காக ஓடிய செயலி, வெளியிட்டதும் வெற்றுப் பக்கமாக நின்றது. அப்போது டெவ் சர்வரில் காமன்ஜேஎஸ் என்ற பழைய வடிவில் எழுதிய நூலகங்களைக் கட்டியது ஈஎஸ்பில்ட். வெளியிடுவதற்கான இறுதி பில்டில் அதே வேலையைச் செய்தது ரோலப் என்ற வேறொரு கருவி. நான் இறக்குமதி செய்திருந்த பழைய நூலகம் ஒன்று, ஒரு கருவியின் கையில் செயல்கூறாகவும் (function) மற்றதன் கையில் வெறும் பொருளாகவும் (object) வந்து சேர்ந்திருக்கிறது. சோதிக்காமல் அனுப்பியது என் தவறு. அன்று முதல் பில்ட் செய்து, அந்த இறுதி வடிவை என் கணினியிலேயே 4173 போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) ஓட்டிப் பிரிவியூ பார்க்காமல் எதையும் வெளியே விடுவதில்லை.

ஜாவாஸ்கிரிப்டில் வகைக் குறிப்புகளைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதுபவர்களுக்கு ஒரு சொல். வீட் வகைக் குறிப்புகளை உரித்தெறியுமே தவிர, அவை சரியா என்று பார்க்காது. அதற்கு டைப்ஸ்கிரிப்டின் சொந்தத் தொகுப்பியான டிஎஸ்சியைத் தனியாக ஓட்ட வேண்டும்.

2022-இல் மூன்றாம் பதிப்புக்கு மாறியபோது அரை நாள் வீணானது. டெவ் சர்வரின் போர்ட் 3000-இலிருந்து 5173 ஆகியிருந்தது. செயலிக்குத் தரவு கொடுக்கும் எங்கள் ஏபிஐ, எந்த முகவரிகளிலிருந்து வரும் கோரிக்கைகளை ஏற்கலாம் என்று வைத்திருந்த அனுமதிப் பட்டியலிலோ 3000 மட்டும்தான். பட்டியலை எழுதியவனும் நான்தான். 5173 என்ற எண்ணை உற்றுப் பார்த்தால் வீட்டின் நான்கு ஆங்கில எழுத்துகள் தெரியுமாம். ரோமன் ஐந்து (V) வரை எனக்கும் தெரிகிறது.

இரண்டு முகங்களையும் ஒன்றாக்கத்தான் ரஸ்ட் மொழியில் ரோல்டவுன் என்ற கருவியை எழுதினார்கள். ஒரு சிறிய திட்டத்தில் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பிரிவியூ பார்க்கும் பழக்கத்தை மட்டும் இன்னும் விடவில்லை.