மெதுவான லேப்டாப்பைப் பார்த்ததும் ஃபார்மட் அடிக்கும் சர்வீஸ் கடைகள்: எச்சரிக்கை

அடிக்கடி ஹேங் ஆகி, ஒவ்வொரு முறையும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தே அணைக்கப்பட்ட ஒரு லேப்டாப். ஆமை வேகத்துக்கு வந்ததும் சர்வீஸுக்குப் போனது. ‘விண்டோஸ் கரப்ட்’ என்று சொல்லி, உரிமையாளரைக் கேட்காமலேயே ஃபார்மட் அடித்துப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். புகைப்படங்கள், ஆவணங்கள் எல்லாம் போயின. கொஞ்ச நாளில் மறுபடி அதே வேகம். திரும்பக் கொண்டுபோனபோது, ‘பட்டனை அமுக்கி அமுக்கி மதர்போர்டைக் கெடுத்துட்டீங்க’ என்று பழியும் போட்டார்கள்.

மதர்போர்டு நன்றாகவே இருந்தது. போய்க்கொண்டிருந்தது ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரில் (Ctrl+Shift+Esc அழுத்தினால் வரும் விண்டோஸ் கருவி) டிஸ்க் 100% என்று நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பிகூட இல்லை. இந்த ஒரு காட்சி போதும், சந்தேகம் டிஸ்க் மேல்தான் முதலில் விழ வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்ததும் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை தெரிந்தது. அதில் பார்க்க வேண்டியவை 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகள். 05 என்பது மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதிகள்), சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 சரிசெய்ய முடியாதவை. மூன்று வரிகளிலும் கடைசியாக வரும் ‘Raw Values’ எண் சுழியமாகத்தான் இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பக் கூடாது. ஒரு செக்டரைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்வதால்தான் லேப்டாப் ஹேங் ஆகிறது. ஹேங் ஆவதால் பட்டனை அழுத்துகிறோம். கடைக்காரர் காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்கிச் சொல்லியிருக்கிறார்.

பட்டனை அழுத்தி அணைப்பதால் கெடுவது பெரும்பாலும் அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்புகளும், எந்தக் கோப்பு எங்கே என்று கணக்கு வைக்கும் ஃபைல் சிஸ்டமும்தான். ஃபார்மட்டோ தடயத்தையே அழித்துவிடுகிறது. விண்டோஸ் தன் பிழைகளைப் பதிவு செய்யும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில் 41, 6008 என்ற எண்கள் முறையற்ற ஷட்டவுனைக் காட்டும். டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 வந்திருந்தால் அது டிஸ்க் தரும் புகார். இதைப் பார்க்காமல் ஃபார்மட் அடிப்பவர் எதையும் சோதிக்கவில்லை என்றே அர்த்தம்.

வரிசை முக்கியம். டிஸ்க் நிலையைப் பார்த்ததும் முக்கியமான கோப்புகளை வெளி டிரைவுக்கு நகலெடுங்கள், மிக அவசியமானவை முதலில். அதற்கு முன், டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை ஆர் சுவிட்சுடன் (chkdsk /r) ஓட்டவே ஓட்டாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே முடிந்துபோகலாம். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் போங்கள்.

டிஸ்க் நலமாக இருந்தால் வேலை சுலபம். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) திறந்து, சி டிரைவுக்கு எஃப் சுவிட்சுடன் செக்டிஸ்க் (chkdsk C: /f) கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்யும் இரண்டு கட்டளைகள்: முதலில் டிஸ்மின் ரீஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth), அதன் பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow). பழுதான சிஸ்டம் கோப்புகள் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும், உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் கடைகளில் தவறவிடுகிறார்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் விண்டோஸ் மேல் பழி போடாதீர்கள். சார்ஜரை லேப்டாப் அடையாளம் காணவில்லை, பேட்டரி போய்விட்டது, அல்லது தூசி அடைத்துச் சூடேறுகிறது. சார்ஜரைக் கழற்றிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் இது மாறாது.

லேப்டாப்பைக் கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ராம் அளவையும் டிஸ்க்கின் மாடல், சீரியல் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெக்கவரி கீ கையில் இருக்கட்டும். ‘கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். டிஸ்க்கை மாற்றினால் பழையதைத் திருப்பி வாங்குங்கள், உங்கள் தகவல்கள் அதில்தான் இருக்கின்றன. புது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடும் வேகமான டிரைவ்) என்று கொடுப்பதைக் கடையிலேயே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் திறந்து, பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது யாரோ பயன்படுத்திக் கழற்றியது, வாங்காதீர்கள்.