அவுட் ரன்: கார்ப் பந்தயத்துக்குப் புதியவர் தொடங்க வேண்டிய இடம்

கார் ஓட்டும் வீடியோ கேம்களை இதுவரை தொட்டதே இல்லாத ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், அண்மையில் வந்தவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சேகா நிறுவனம் 1986ஆம் ஆண்டில் ஆர்கேடுகளுக்காக, அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்காக, வெளியிட்ட 'அவுட் ரன்' விளையாட்டையே நான் கைகாட்டுவேன். இந்த வகை விளையாட்டுகளுக்கு நானும் புதியவன்தான். நான் விளையாடியது நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்காக எம்2 நிறுவனம் உருவாக்கிய, சேகாவின் பழைய விளையாட்டுகளை மீண்டும் தரும் 'சேகா ஏஜஸ்' வரிசைப் பதிப்பு. அது 2018இல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு பிற நாடுகளிலும் வெளியானது.

திரையில் கூரையில்லாத ஒரு சிவப்புக் கார் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் ஓர் இளைஞன், அவனருகில் பொன்னிறக் கூந்தலுடன் ஒரு பெண். முந்திச் செல்ல வேண்டிய போட்டியாளர் என்று எவரும் இல்லை. சாலையில் ஓடும் மற்ற கார்களும் லாரிகளும் தத்தம் வழியில் போய்க்கொண்டிருப்பவை மட்டுமே. நம்மோடு போட்டி போடுவது திரையின் மேல் ஓரத்தில் குறைந்துகொண்டே வரும் நேரம் ஒன்றுதான். ஒரு பயணத்தில் ஐந்து கட்டங்கள். முதல் நான்கின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் எளிது, வலப்பக்கம் கடினம். பிரியும் சாலைகளையெல்லாம் சேர்த்தால் மொத்தம் 15 கட்டங்கள், 16 வழிகள், ஐந்து முடிவிடங்கள். தொடக்கம் முதல் இறுதிவரை ஓட்டினாலும் ஐந்தாறு நிமிடங்களில் பயணம் முடிந்துவிடும் என்பதால், தோற்றவர் இழப்பது மிகக் குறைவு. பழகிக்கொண்டிருப்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை என்பது என் கருத்து.

கியர்கள் இரண்டே இரண்டு. நின்ற நிலையிலிருந்து உயர் கியரில் கிளம்பினால் கார் நகரவே தயங்கும். தாழ் கியரில் தொடங்கி, வேகம் ஏறிய பிறகே மாற்ற வேண்டும். இந்த அடிப்படையைக்கூட விளையாட்டு எங்கும் விளக்குவதில்லை. காசு போட்டவுடன் ஆட வேண்டிய இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது; ஆனாலும், வீட்டில் ஆடுவதற்கென வரும் பதிப்பில் ஒரு சிறு பயிற்சிப் பகுதியைச் சேர்த்திருக்கலாம்.

இந்த விளையாட்டின் உயிர்நாடி சாலையை முன்கூட்டியே படிப்பதில் இருக்கிறது. முதல் கட்டமான கோகோனட் பீச்சில், பக்கவாட்டில் கடலும் பனைவகை மரங்களும் விரைய, கார் மணிக்கு 293 கிலோமீட்டர் என்ற உச்ச வேகத்தை எட்டுகிறது. அந்த வேகத்தில் காருக்கு மிக அருகில் உள்ள தரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரால் எதையும் தவிர்க்க முடியாது. பார்வை திரையின் நடுவில், சாலை ஒரு கோடாகச் சுருங்கும் இடத்தில் நிலைத்திருக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது அதற்கப்பால் வளைவு இருப்பதே தெரியாது. அங்கே சாலையோர மரங்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதுதான் முதல் எச்சரிக்கை. உண்மையான முப்பரிமாண உருவங்கள் இல்லாமல், தட்டையான படங்களை நொடிக்கு நொடி பெரிதாக்கிக் காட்டும் நுட்பத்தைக் கொண்டு மேடும் பள்ளமும் வளைவும் உள்ள ஒரு சாலையை இவ்வளவு நம்பும்படி அமைத்திருக்கிறார்களே என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வளைவில் வேகம் குறைக்கத் தவறினால் கார் புல்வெளியில் இறங்கி மந்தமாகிறது. அப்போதும் வேகம் மிகுதியாக இருந்து, ஓரத்திலுள்ள மரத்திலோ பாறையிலோ மோதினால், கார் காற்றில் புரண்டு, இருவரும் வெளியே தூக்கி எறியப்படுகிறார்கள். பிறகு அவர்கள் சாலையில் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் ஓட்டுநரைக் கடிந்துகொள்கிறாள். அந்தக் காட்சி முடிந்து கார் மீண்டும் வேகமெடுப்பதற்குள் பல நொடிகள் போய்விடும். அடுத்த கட்டத்தைத் தொட்டால் கூடுதல் நேரம் கிடைக்கும் என்றாலும், இத்தகைய ஒரு விபத்தை ஈடுகட்டவே அது சரியாக இருக்கும். இரண்டாவது விபத்தோடு பயணம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே, ஆக்சிலரேட்டரை எப்போது விடுவது என்பதைத்தான் புதியவர் முதலில் கற்க வேண்டும். லாரிகள் அடுத்தடுத்து வரும் இடங்களில் ஒரு கணம் விட்டு, பின்னால் காத்திருந்து, இடைவெளி திறந்ததும் நுழைபவரே நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

இதை வடிவமைத்தவர் யூ சுஸுகி. ஐரோப்பாவில் காரில் சுற்றிப் பார்த்து, அங்கே கண்ட நிலக்காட்சிகளைக் கொண்டு இதன் சாலைகளை அமைத்தார். அந்தச் சுற்றுலா மனநிலை விளையாட்டெங்கும் தெரிகிறது. ஒரு கட்டம் முடிந்து மற்றொன்று தொடங்கும்போது திரை இருண்டு நிற்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே வானமும் தரையும் மெல்ல நிறம் மாறிவிடுகின்றன. புறப்படும் முன் கார் ரேடியோவில் அலைவரிசையைத் திருப்பி, ஹிரோஷி கவாகுச்சியின் மூன்று இசைத் துண்டுகளில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். 'மேஜிக்கல் சவுண்ட் ஷவர்' என்பதையே நான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறேன். அதன் துள்ளல், தோற்ற கையோடு மறுபடி கிளம்பத் தூண்டுகிறது.

ஸ்விட்ச் பதிப்பில் படம் நொடிக்கு 60 சட்டகங்களாக (ஃபிரேம்களாக) ஓடுவதால், மூல இயந்திரத்தைவிடச் சாலை தெளிவாகப் பிடிபடுகிறது. நேர அளவையும் கடினத்தையும் தளர்த்திக்கொள்ளவும் வழியுண்டு. மூல விளையாட்டின் கார் ஃபெராரியின் சாயலில் இருந்தது; இப்பதிப்புக்கு அந்த நிறுவனத்தின் உரிமம் இல்லாததால் காரின் தோற்றத்தைச் சற்று மாற்றியிருக்கிறார்கள். அது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. உண்மையான குறை கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஸ்விட்சின் பின்பக்கப் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணராதவை. ஆகவே ஆக்சிலரேட்டரைப் பாதியளவு அழுத்துவது என்பதே இயலாது. ஸ்டியரிங்கும் பெடலும் கொண்டு, ஓட்டுபவரின் இருக்கையோடு சேர்ந்து அசைந்த ஆர்கேடு இயந்திரத்தின் நுட்பம் இதனால் ஓரளவு இழக்கப்படுகிறது. வளைவுகளில் பொத்தானை விட்டு விட்டுத் தட்டிப் பழகுவதே இதற்கு மாற்று.

கார்களைச் சேர்ப்பதிலும் மெருகேற்றுவதிலும் மகிழ்ச்சி காண்பவர்களுக்கும், நண்பரை எதிர்த்து ஓட்ட விரும்புபவர்களுக்கும் இதில் தீனி குறைவு. மற்றவர்கள் முதலில் எல்லாப் பிரிவுகளிலும் இடப்பக்கமே திரும்பி, பெரிய கல் வளைவுகள் நிற்கும் கேட்வே என்ற கட்டத்தின் வழியாக வின்யார்டு என்ற முடிவிடத்தை அடையப் பாருங்கள். அது கைவந்த பிறகு கடைசிப் பிரிவில் மட்டும் வலப்பக்கம் திரும்பினால், பழகிய நான்கு கட்டங்களை வைத்துக்கொண்டே டெத் வேலி என்ற புதிய முடிவிடத்தைப் பார்த்துவிடலாம்.