விசா, ஐ-94, ஐ-797: அமெரிக்காவில் உங்கள் தேதியை முடிவு செய்வது எது?

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் ஒருவரிடம் "உங்களுக்கு எதுவரைக்கும் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதியைச் சொல்வார். இன்னொருவர் வக்கீல் அனுப்பிய ஐ-797ஐ, அதாவது நிறுவனம் போட்ட மனுவின் அங்கீகாரத் தாளைத் தேடி எடுப்பார். ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துச் சொல்பவர்களும் உண்டு. ஒரே ஆளிடம் இந்த மூன்றிலும் மூன்று தேதிகள் இருப்பது சகஜம். எந்த நாள் வரை இந்த நாட்டில் தங்கலாம் என்ற கேள்விக்குப் பதில் ஐ-94 என்ற வருகைப் பதிவில்தான் இருக்கிறது. அதிலும், கடைசியாகக் கொடுக்கப்பட்ட ஐ-94ல். மற்றவை வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

விசாவிலிருந்து தொடங்குவோம். சென்னைத் தூதரகத்தில் ஸ்டாம்பிங் முடித்து வாங்கும் அந்தத் தாள், விமான நிலையம் வரை வந்து உள்ளே விடும்படி கேட்பதற்கான அனுமதி மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அது சொல்வதில்லை. பேரக்குழந்தையைப் பார்க்க வரும் அப்பா அம்மா விஷயத்தில்தான் இந்தக் குழப்பம் அதிகம். அவர்கள் கையில் பத்து வருட பி-2 சுற்றுலா விசா இருக்கும். ஆனால் வந்து இறங்கும்போது வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம். "விசாதான் 2033 வரைக்கும் இருக்கே" என்று ஏழாவது மாதமும் தங்கிவிட்டால், நீட்டிப்புக்கு எந்த மனுவும் போடாத நிலையில், அந்தப் பத்து வருட விசா செல்லாததாகிவிடும். அடுத்த முறை புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், தாண்டித் தங்கியதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும். வயதானவர்களை இந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தவே கூடாது. அவர்களுடைய ஐ-94ஐப் பார்த்து வைப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

இதற்கு நேர்மாறான பயமும் இருக்கிறது. விசா காலாவதியாகிவிட்டதே, நாம் சட்டவிரோதமாக இருக்கிறோமா என்று பலர் கலங்குகிறார்கள். ஐ-94 செல்லுபடியாக இருந்து, வேலையும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால், விசா முடிந்தது ஒரு பிரச்சினையே இல்லை. வெளிநாடு போய்த் திரும்பும்போதுதான் புது விசா தேவைப்படும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ முப்பது நாளுக்குள் போய்வருவதானால், செல்லுபடியாகும் ஐ-94 இருந்தால் பழைய விசாவிலேயே திரும்ப வழி உண்டு. ஆனால் அந்தப் பயணத்தில் அங்கே புது விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும்.

இப்போது ஐ-94. முன்பு விமானத்தில் ஒரு வெள்ளை அட்டை கொடுப்பார்கள், அதைப் பாஸ்போர்ட்டில் இணைத்து வைத்திருப்போம். 2013ல் விமானம், கப்பல் வழியாக வருபவர்களுக்கு அது கணினிப் பதிவாக மாறியது. கையில் தாள் இல்லாததால் நினைப்பும் போய்விட்டது. எல்லையில் நம்மைச் சோதித்து உள்ளே விடும் அமைப்பான சிபிபியின் ஐ-94 தளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், குடியுரிமை நாடு ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவு வந்துவிடும், கட்டணம் கிடையாது. அதில் 'அட்மிட் அன்டில்' என்ற வரிக்கு எதிரே இருக்கும் தேதிதான் நாம் தேடுவது. மாணவர்களுக்குத் தேதிக்குப் பதிலாக டி/எஸ் (மாணவர் நிலை தொடரும்வரை) என்று இருக்கும். அப்படி இருந்தால் கல்லூரி கொடுக்கும் ஐ-20 படிவமும், செவிஸ் என்ற மாணவர் தகவல் தொகுப்பில் கல்லூரி வைத்திருக்கும் பதிவும்தான் அவர்களுக்குக் கணக்கு.

எச்-1பிக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பாஸ்போர்ட்டால். மனு 2028 செப்டம்பர் வரை அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது, பாஸ்போர்ட் 2027 மார்ச்சில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். குடிவரவு அதிகாரி பெரும்பாலும் 2027 மார்ச் வரைதான் ஐ-94 கொடுப்பார். பிறகு இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் ஐ-94 தானாக நீளாது. கையில் புது பாஸ்போர்ட்டும் 2028 என்று அச்சிட்ட ஐ-797ம் இருப்பதால் எல்லாம் சரி என்று நம்பியே மாதங்கள் ஓடிவிடும். ஐ-94ல் உள்ள அந்தத் தேதியைத் தாண்டி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு நாட்டை விட்டுப் போனால் மூன்று வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். முன்கூட்டியே தெரிந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது: வெளியே போய்ப் புது பாஸ்போர்ட்டோடு திரும்புவது, அல்லது தேதி முடியும் முன் நிறுவனம் வழியாக நீட்டிப்பு மனு போடுவது.

ஐ-94க்கு உண்மையான போட்டி ஐ-797தான், ஏனென்றால் அதற்குள்ளேயே ஓர் ஐ-94 இருக்கலாம். ஐ-797ஏ என்றால் அடிப்பகுதியில் வெட்டி எடுக்கும்படி புதிய ஐ-94 இருக்கும். ஐ-797பி என்றால் இருக்காது. மனு அங்கீகாரமாகிவிட்டது, ஆனால் நீங்கள் வெளியே போய் (தேவைப்பட்டால் ஸ்டாம்பிங் செய்து) திரும்ப வந்தால்தான் புதிய தேதி கிடைக்கும் என்று பொருள். 'அப்ரூவ்ட்' என்ற சொல்லைப் பார்த்த மகிழ்ச்சியில் ஓரத்தில் இருக்கும் அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். வக்கீலின் மின்னஞ்சல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஐ-797ஏவில் வந்த ஐ-94ஐ, மனுக்களை முடிவு செய்யும் குடிவரவு அமைப்பான யுஎஸ்சிஐஎஸ் கொடுக்கிறது, விமான நிலையத்து ஐ-94ஐ சிபிபி கொடுக்கிறது. நீட்டிப்பு கிடைத்த பிறகு சிபிபி தளத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பழைய தேதியே தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், தாளில் வந்த புதிய தேதியே செல்லும். ஆனால் அதன் பிறகு தங்கையின் கல்யாணத்துக்கு மதுரை போய்த் திரும்புகிறீர்கள், அதிகாரி பாஸ்போர்ட்டில் இருக்கும் பழைய விசாவில் எழுதிய மனுத் தேதியையே போட்டுவிடுகிறார் என்றால், இப்போது அந்தக் குறைந்த தேதிதான் செல்லும். வீட்டில் இருக்கும் ஐ-797ஏவில் எத்தனை வருடம் கூடுதலாக எழுதியிருந்தாலும் அதை நம்பி இருக்க முடியாது. ஆகவே புதிய ஐ-797ஐப் பயணத்தில் கையில் வைத்திருந்து, கேட்காவிட்டாலும் அதிகாரியிடம் நீட்டுங்கள். தவறாகப் பதிந்துவிட்டால் சிபிபியின் 'டிஃபர்ட் இன்ஸ்பெக்ஷன்' அலுவலகத்தில் திருத்தம் கேட்கலாம்.

ஓர் இடத்தில் மட்டும் ஐ-797 ஐ-94ஐ மிஞ்சும். உள்ளே வரும்போது சில சமயம் மனுத் தேதிக்கு மேல் பத்து நாள் சேர்த்து ஐ-94 கொடுப்பார்கள். அந்தப் பத்து நாள் தங்கலாம், வேலை செய்யக் கூடாது. வேலைக்கான கடைசி நாள் மனுவில் இருப்பதே. வேலை போய்விட்டால் கதை இன்னும் மாறும். ஐ-94ல் இரண்டு வருடம் மீதி இருந்தாலும், அதிகபட்சம் அறுபது நாள்தான் அவகாசம். ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான்.

யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் ரசீது எண்ணைப் போட்டுப் பார்ப்பதையும் 'ஸ்டேட்டஸ்' என்றே சொல்கிறோம். அது மனு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும், உங்கள் நிலையைக் காட்டாது. ஓட்டுநர் உரிமத்தை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். நீங்கள் காட்டிய தாள்களையும் அரசுத் தரவையும் பார்த்து ஒரு நாளில் போட்ட தேதி அது, பிறகு நடந்த மாற்றம் எதுவும் அதற்குத் தெரியாது.

எந்த ஒப்பீட்டிலும் விட்டுப்போவது குடும்பம். நிறுவனம் போடும் ஐ-129 மனு ஊழியருக்கு மட்டும்தான். ஊழியரின் குடும்பத்துக்கான எச்-4ல் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ, குழந்தைகளுக்கோ ஐ-539 என்ற நீட்டிப்பு விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும், அவர்களுக்குத் தனித்தனி ஐ-94. குழந்தையின் இந்திய பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் முடிந்துவிடுவதால், பாஸ்போர்ட்டோடு சுருங்கும் ஐ-94 முதலில் வருவது பெரும்பாலும் வீட்டின் சிறிய ஆளுக்குத்தான். ஒவ்வொரு பயணமும் முடிந்த அந்த வாரத்திலேயே வீட்டில் எல்லோருடைய ஐ-94ஐயும் இறக்கிச் சேமித்து, பாஸ்போர்ட் தேதியோடும் ஐ-797 தேதியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீட்டிப்பு மனுவை ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். ஐ-94 முடியும் முன் ஐ-129 போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். ஒரு நாள் பிந்தினாலும் இந்த 240 நாள் கிடையாது, தாமதத்தை மன்னிப்பது அதிகாரியின் விருப்பம்.